தாய்வழி டிஎன்ஏவைப் பார்த்தால் நம் முன்னோர் எங்கிருந்து வந்தார்கள் என்று தெரியுமா?

தெரியும், ஆனால் ஒரே ஒருத்தியைப் பற்றி மட்டும். ஏன் என்று சொல்ல என் ஆச்சியிலிருந்து (அம்மாவின் அம்மா) ஆரம்பிக்க வேண்டும்.

நான் அம்பாசமுத்திரம் பக்கம். பங்குனி உத்திரத்துக்கு எந்த சாஸ்தா கோயிலுக்குப் போகிறோம் என்பது எங்களுக்கு அப்பா வழி. எங்கள் சமுதாயத்தில் கிளை என்று இன்னொன்றும் உண்டு. அது அம்மா வழி. ஒரே கிளை என்றால் உடன்பிறப்பு முறை, பெண் எடுக்க மாட்டார்கள். "எய்யா, என்ன கெளைன்னு யாரும் கேட்டா அம்மை கெளையச் சொல்லணும். ஒங்கப்பன் கெளையச் சொல்லிப்புடாத" என்று ஆச்சி சொல்லிச் சொல்லியே மண்டையில் ஏற்றிவிட்டாள். அம்மாவுக்கும் எனக்கும் தங்கைக்கும் ஒரே கிளை. தங்கை பிள்ளைகளுக்கும் அதுவே. என் பிள்ளைகளுக்கு என் மனைவியின் கிளை. என்னுடையது என்னோடு சரி.

தாய்வழி டிஎன்ஏ என்பது மைட்டோகாண்ட்ரியாவில் (செல்லுக்குச் சக்தி தரும் சிறு உறுப்பு) இருக்கும் டிஎன்ஏ. அது போவதும் இதே தடத்தில்தான். விந்தணுவில் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா கரு உண்டான பிறகு அழிக்கப்பட்டுவிடும். அம்மாவின் முட்டையில் இருப்பதுதான் பிள்ளைக்கு. ஆண்களின் ஒய் குரோமோசோம் சாஸ்தா கோயில் மாதிரி, அப்பனிடமிருந்து மகனுக்கு. பன்னிரண்டாம் வகுப்பில் இதைப் படித்தபோது எனக்குப் புதிதாகத் தெரியவில்லை. (அக்கா மகளைக் கட்டும் வழக்கம் உள்ள வீடுகளில் கணவனுக்கும் மனைவிக்கும் ஒரே தாய்வழி டிஎன்ஏதான். கிளை பார்க்கிறவர்கள் அக்கா மகளைக் கட்டாததும் அதே கணக்கில்தான்.)

சரி, இதிலிருந்து ஆதிமனிதர் நடந்த வழியை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? இந்த டிஎன்ஏவில் மொத்தம் 16,569 எழுத்துகள். தலைமுறை தலைமுறையாகப் படியெடுக்கும்போது எப்போதாவது ஓர் எழுத்து மாறிவிடும். ஏட்டுச் சுவடியில் வரும் பாடபேதம் மாதிரி. இரண்டு சுவடிகளில் ஒரே இடத்தில் ஒரே பிழை இருந்தால், இரண்டும் ஒரே மூலச்சுவடியைப் பார்த்து எழுதியவை என்று பதிப்பாசிரியர் முடிவுக்கு வருவார் இல்லையா, அதே தர்க்கம். பிழைகளை எண்ணினால் எப்போது பிரிந்தார்கள் என்றும் தோராயமாகச் சொல்லலாம். தோராயம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் முன்பின் போகும்.

1987இல் ரெபெக்கா கேன், மார்க் ஸ்டோன்கிங், ஆலன் வில்சன் மூவரும் 147 பேரின் தாய்வழி டிஎன்ஏவை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். எல்லாக் கோடும் ஏறத்தாழ 2,00,000 ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவில் வாழ்ந்த ஒரு பெண்ணிடம் போய்ச் சேர்ந்தது. பத்திரிகைகள் ஏவாள் என்று பெயர் வைத்ததில் குழப்பம் வந்துவிட்டது. அன்றைக்கு அவள் ஒருத்திதான் இருந்தாள் என்று அர்த்தமில்லை. என் ஆச்சியின் தங்கைக்கு நாலும் பையன்கள். வீடு நிறையப் பேரப்பிள்ளைகள், ஆனால் ஒருவருக்கும் அவள் கிளை இல்லை. அந்தக் காலத்து மற்றப் பெண்களின் தாய்வழிக் கோடுகளும் இப்படித்தான் ஏதோ ஒரு தலைமுறையில் நின்றுபோயின.

ஒரே பிழைகளைப் பகிரும் தாய்வழிகளுக்கு எழுத்தும் எண்ணும் வைத்துப் பெயரிடுகிறார்கள். ஆப்பிரிக்காவில் எல்3 (L3) என்று அப்படி ஒரு பெருங்கிளை. அதிலிருந்து பிரிந்த எம் (M), என் (N) இரண்டும்தான் உலகின் மற்ற பகுதிகளுக்குப் பரவியவை. இன்றைய ஐரோப்பியர்களிடம் எம் அனேகமாகக் கிடையாது. இந்தியாவில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு எம் வகைதான். அந்தமானின் ஓங்கே, கிரேட் அந்தமானிய மக்களிடம் எம்31, எம்32 என்ற பிரிவுகள் இருப்பதை ஐதராபாத் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் ஆய்வு 2005இல் காட்டியது. நெடுங்காலம் தனித்தே வாழ்ந்தவர்கள் என்பதற்கு அது ஒரு சான்று.

மதுரைப் பக்கம் ஒரு கிராமத்தில் எம்130 கிடைத்த செய்தியைப் படித்திருப்பீர்கள். அது ஒய் குரோமோசோம், ஆண் வழி. எழுத்து ஒன்றானதால் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். இந்த எம்முக்கும் அந்த எம்முக்கும் சம்பந்தமில்லை.

அப்புறம், என் கதை. அமெரிக்காவில் இருக்கும் சித்தி (அம்மாவின் தங்கை) மகள் டிஎன்ஏ சோதனைக்கு ஒரு குழாயில் எச்சில் துப்பி அனுப்பினாள். அவள் எடுத்தால் நான் எடுத்த மாதிரி, எனக்குச் செலவு மிச்சம். எம்2 என்று வந்தது. இந்தியாவிலேயே பழைய தாய்வழிகளில் ஒன்று. சுமார் 50,000 ஆண்டுகள் என்று கணக்கிடுகிறார்கள். கூடவே ஆப்பிரிக்காவிலிருந்து அம்புக்குறி போட்ட பளபள வரைபடம். உடனே குடும்ப வாட்சப் குழுவில் "நாமதான் ஆதிக்குடி" என்று ஒரு மாமா ஆரம்பித்துவிட்டார். பத்துத் தலைமுறை பின்னால் போனால் 1,024 முன்னோர்கள்; எம்2 அதில் ஒருத்தியைப் பற்றி மட்டும் சொல்கிறது. அதே எம்2 எத்தனையோ சாதிகளில் இருக்கிறது என்று எழுதினேன். குழு அமைதியாகிவிட்டது.

ஆதிச்சநல்லூர் தாழிகளில் இருந்தவர்களோடு ஒப்பிடலாமே என்று அதே மாமா கேட்டார். ஆசைதான். ஆனால் நம் வெயிலுக்கு எலும்பில் டிஎன்ஏ நிற்பது அபூர்வம். ஹரியானாவில் ராக்கிகடி என்ற சிந்துவெளி நாகரிக ஊரில் 60க்கும் மேற்பட்ட மாதிரிகளைச் சோதித்து, ஒரே ஒரு பெண்ணிடமிருந்துதான் தேறியது. 2019இல் வெளியான ஆய்வு அது. அவளுடைய தாய்வழி யூ2பி2, என் வழி இல்லை.

போன லீவில் ஆச்சியிடம் உட்கார்ந்து அவள் அம்மா, அவளுக்கு அம்மா என்று கேட்டு எழுதினேன். என் அம்மாவையும் சேர்த்து ஐந்து பெண்கள். மூன்று பேர் பேச்சியம்மாள். எம்2இன் முதல் தாய்க்குப் போக, தலைமுறைக்கு 25 வருஷம் என்றால், இன்னும் ஏறத்தாழ 2,000 அம்மாக்கள். ஐந்து பேரும் ஐந்து ஊரில் பிறந்து, கட்டிக்கொடுத்த ஊருக்குப் போனவர்கள். ஐந்தாவது பெண்ணுக்குத் தென்காசிப் பக்கம் என்பது வரைக்கும் ஆச்சிக்கு நினைவிருக்கிறது. ஊர்ப் பெயர் மறந்துவிட்டது.