விஷன் இன்சூரன்ஸ் இருந்தும் கண்ணாடிக்குக் கைக்காசுதான் போகிறது. குடும்பத்துக்கு அதை முழுசாகப் பயன்படுத்துவது எப்படி?

கேள்வி கேட்டவர் வீட்டு நிலவரம் இது: அவருக்கு கான்டாக்ட் லென்ஸ். கணவருக்கு மைனஸ் 5 பவர், நாற்பது தாண்டியதால் இப்போது வெள்ளெழுத்தும் சேர்ந்துகொண்டது. 9 வயது மகளுக்கு வருஷா வருஷம் பவர் ஏறுகிறது. 4 வயது மகனுக்கு இன்னும் கண்ணே பார்த்ததில்லை.

பெயரில் இன்சூரன்ஸ் என்று இருந்தாலும், இது முன்கூட்டியே காசு கட்டி வாங்கிய கூப்பன் புத்தகம் மாதிரி. ஆளுக்கு ஒரு பரிசோதனை, ஃபிரேமுக்கு ஒரு வரம்பு, ஒரு ஜோடி லென்ஸ் அல்லது அதற்குப் பதிலாக கான்டாக்ட் லென்ஸ். தேதி தாண்டினால் கிழித்துப் போட வேண்டியதுதான், அடுத்த வருஷத்துக்குச் சேராது. பெரும்பாலான வீடுகளில் இந்தக் கூப்பனை ஃபிரேமில் எரித்துவிட்டு லென்ஸுக்குக் கையிலிருந்து கட்டுகிறார்கள். உங்கள் வீட்டிலும் அதுதான் நடக்கிறது என்று நினைக்கிறேன்.

முதலில் பிளான் தாளில் கால இடைவெளியைப் பாருங்கள். 'காலண்டர் வருடம்' என்று இருந்தால் நவம்பர் 20 அன்று பரிசோதனை செய்தவர் ஜனவரி முதல் தேதியே மறுபடி போகலாம். '12 மாதம்' என்று இருந்தால் அடுத்த நவம்பர் 15 அன்று போனால்கூட கிளைம் திரும்பி வரும், ஐந்து நாள் பாக்கி. பரிசோதனைக்கு 12 மாதம், லென்ஸுக்கு 12, ஃபிரேமுக்கு மட்டும் 24 என்று பிரித்து வைத்திருக்கும் பிளான்களும் உண்டு. அப்படியானால் ஃபிரேமை இரண்டு வருஷம் தாங்குகிற மாதிரி வாங்கி, நடுவருஷத்தில் அதிலேயே லென்ஸை மட்டும் மாற்றலாம். நாலு பேருக்கும் கடைசியாக எதை எப்போது எடுத்தோம் என்பதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். கடைக்காரர் சொல்வதை நம்பாமல் பிளான் எண்ணுக்கு நீங்களே கூப்பிட்டு, இன்றைய தேதியில் யாருக்கு என்ன பாக்கி என்று கேட்பது நல்லது.

அடுத்து கடையில் கேட்க வேண்டியது இரண்டு விலை: இன்சூரன்ஸோடு எவ்வளவு, இல்லாமல் எவ்வளவு. ஃபிரேம் வரம்பு 150 என்று வைத்துக்கொள்ளுங்கள், எந்த நாட்டுப் பணமானாலும் கணக்கு ஒன்றுதான். 210க்கு ஃபிரேம் எடுத்தால் 60 கைக்காசு. வரம்புக்கு மேல் போவதில் 20 சதவீதம் தள்ளுபடி தரும் பிளான் என்றால் 48. ஆனால் கடை வாசலில் தொங்கும் 'ஃபிரேம் பாதி விலை' அறிவிப்பு இன்சூரன்ஸோடு சேர்ந்து வருவது அரிது. சில நேரம் இன்சூரன்ஸ் இல்லாமல் வாங்குவதே மலிவு. அப்படி அமைந்தால் அந்தக் கண்ணாடியைக் கடைத் தள்ளுபடியில் வாங்கிவிட்டு, அந்த ஆளின் கூப்பனை கான்டாக்ட் லென்ஸுக்கு வைத்துக்கொள்ளலாம். உங்களுக்குக் கண்ணாடியும் வேண்டும், கான்டாக்ட் லென்ஸும் வேண்டும் என்றால் இரண்டில் எது அதிகம் விழுங்குகிறதோ அதற்குத்தான் பிளான்.

லென்ஸ் விஷயத்தில்தான் நிஜமான பணம் இருக்கிறது, ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 'உங்க பவருக்கு 1.67 போட்டாத்தான் மெலிசா வரும்' என்று கவுண்டரில் சொல்வார்கள். 1.67 என்பது லென்ஸ் பொருளின் ஒளிவிலகல் எண், அது கூடக் கூட லென்ஸ் மெலியும். பொய்யில்லை, பாதி உண்மை. மைனஸ் பவரில் லென்ஸ் ஓரம் எவ்வளவு தடிக்கும் என்பது, கண்மணிக்கு நேரான புள்ளியிலிருந்து லென்ஸின் ஓரம் எவ்வளவு தூரம் என்பதன் வர்க்கத்தைப் பொறுத்தது. உங்கள் கணவரின் மைனஸ் 5க்கே பாருங்கள். அந்தத் தூரம் 30 மி.மீ. வருகிற பெரிய ஃபிரேமில் சாதாரண 1.50 லென்ஸ் போட்டால் நடுவைவிட ஓரம் சுமார் 4.5 மி.மீ. கூடும். அதே ஃபிரேமில் 1.67 போட்டால் 3.4. ஃபிரேமைச் சின்னதாக்கி அந்தத் தூரத்தை 24க்குக் கொண்டுவந்தால் சாதாரண 1.50 லென்ஸிலேயே 2.9தான். 1.67இல் நடுப்பகுதியையும் கொஞ்சம் மெலிதாக்கலாம், அதைக் கணக்கில் சேர்த்தாலும் இரண்டும் ஏறக்குறைய சமம். ஆக, கண்மணி ஃபிரேமின் நடுவில் வந்து உட்காருகிற மாதிரி, சற்றே சின்னதான, மூலை இல்லாத ஃபிரேம் எடுங்கள். இதற்குப் பிளானில் தனிக் கட்டணம் எதுவும் கிடையாது. 2 பவருக்குக் கீழே 1.50 தாராளம். 4க்கு மேலே 1.60 அல்லது 1.67 கேட்கலாம். 1.74 எல்லாம் 8, 9 பவர்காரர்களுக்கு.

மகளுக்கும், கண்ணாடி தேவைப்பட்டால் மகனுக்கும், பாலிகார்பனேட் அல்லது டிரைவெக்ஸ் என்கிற உறுதியான பிளாஸ்டிக் லென்ஸ்தான். பந்து பட்டாலும் எளிதில் உடையாது. குழந்தைகளுக்கு இதைக் கூடுதல் கட்டணமின்றித் தரும் பிளான்கள் பல உண்டு, ஆனால் பில் போடும்போது நாம்தான் ஞாபகப்படுத்த வேண்டும். பெரியவர்களுக்கு இதையே கண்ணை மூடிக்கொண்டு போடத் தேவையில்லை. பாலிகார்பனேட்டின் ஆபி எண் 30, சாதாரண பிளாஸ்டிக் லென்ஸுக்கு 58. எண் குறையக் குறைய, ஓரப்பார்வையில் எழுத்துகளைச் சுற்றி நிறக்கோடு தெரியும். பவர் கூடினால் அது இன்னும் உறுத்தும்.

லென்ஸில் வெளிச்சம் பிரதிபலிப்பதைக் குறைக்கும் ஏ.ஆர். கோட்டிங்குக்குக் கொடுக்கும் காசு வீண் போகாது. நீல ஒளியை வடிகட்டும் ப்ளூ கட்டுக்குக் கொடுப்பதைத் தாராளமாக மிச்சம் பிடிக்கலாம். 2023இல் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கோக்ரேன் அமைப்பு 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, கம்ப்யூட்டரில் வேலை செய்பவர்களின் கண் சோர்வைக் குறுகிய காலத்தில் அது குறைப்பதாகத் தெரியவில்லை.

கணவருக்கு புரோகிரெசிவ் தேவைப்படும், அதாவது தூரம், கிட்டம் இரண்டுக்கும் கோடில்லாமல் ஒரே லென்ஸ். பிளான்கள் இதைப் படி படியாக அடுக்கி, ஒவ்வொரு படிக்கும் ஒரு கட்டணம் வைத்திருக்கும். கிட்டப் பார்ப்பதற்கான கூடுதல் பவர் +1.00 அளவில் இருக்கும்வரை அடிப்படை ரகமே போதும் என்பது என் கருத்து. அந்தக் கூடுதல் ஏற ஏறத்தான் லென்ஸின் இருபக்கமும் நெளிவு அதிகமாகும், +2.00 தாண்டும்போது விலை கூடிய டிசைனுக்கு அர்த்தம் வரும். ஃபிரேமின் உயரம் 30 மி.மீ.க்குக் குறைந்தால் படிக்கும் பகுதி வெட்டுப்பட்டுப் போகும். அளவு எடுக்கும்போது ஃபிரேமை முகத்தில் மாட்டி, மூக்குத்தாங்கியைச் சரி செய்த பிறகுதான் கண்மணிக்கு நேரே புள்ளி வைக்க வேண்டும். மேஜைமேல் வைத்துக் குறித்தால் அந்தக் கண்ணாடி பெட்டியில்தான் தூங்கும்.

மகனை முதலில் கூட்டிப்போங்கள். பரிசோதனைக் கூப்பன் அவனுக்கும் இருக்கிறது, பலரும் 'அவனுக்குத்தான் கண்ணாடியே இல்லையே' என்று விட்டுவிடுகிறார்கள். ஒரு கண் நன்றாகவும் மற்றது மங்கலாகவும் இருக்கும் குழந்தை குறையே சொல்லாது. மூளை மங்கலான கண்ணை ஒதுக்கிவிடும், அதுதான் சோம்பேறிக் கண். ஏழு வயதுக்குள் கண்டுபிடித்தால் சிகிச்சைக்குப் பலன் அதிகம். குழந்தைக்குச் சொட்டு மருந்து விட்டுத்தான் பவர் பார்க்க வேண்டும். விடாவிட்டால் சின்னக் கண் தன்னாலேயே ஃபோகஸ் செய்து உண்மையான பவரை மறைத்துவிடும். அந்த மருந்தின் மங்கல் ஒரு நாள் வரைகூட நிற்கும், மறுநாள் பரீட்சை இருந்தால் தேதியை மாற்றுங்கள்.

மகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பது நல்லது. பிளான் ஒரு பரிசோதனைக்குத்தான் கட்டும். ஆனால் பவர் குறிப்பிட்ட அளவு, பெரும்பாலும் 0.50, மாறினால் வருஷ நடுவிலேயே புது லென்ஸ் தரும் பிளான்கள் உண்டு, கேட்டு வையுங்கள். பவர் ஏறுவதைக் கட்டுப்படுத்தும் அட்ரோபின் சொட்டு, சிறப்பு லென்ஸ் போன்றவை பெரும்பாலும் பிளானுக்கு வெளியேதான்.

உங்கள் கான்டாக்ட் லென்ஸில் இரண்டு இடங்களில் காசு கசியும். ஒன்று, பொருத்திப் பார்க்கும் கட்டணம். சாதாரணக் கண் பரிசோதனையில் அது சேராது, கண்ணாடிச் சீட்டை வைத்து லென்ஸ் வாங்கவும் முடியாது. கண்ணாடியில் மைனஸ் 6 என்றால் கண்மேல் வைக்கும் லென்ஸில் அது 5.50 அல்லது 5.75 ஆகும், வளைவும் விட்டமும் வேறு வேண்டும். இன்னொன்று, பல பிளான்களில் வரம்பு முழுவதையும் ஒரே பில்லில் எடுத்தாக வேண்டும். இரண்டு பெட்டி வாங்கி மிச்சத்தை அப்புறம் பார்க்கலாம் என்றால் மிச்சம் காலி. தினம் மாற்றும் ரகம் என்றால் வருஷத்துக்கு 90 லென்ஸ் கொண்ட பெட்டி கண்ணுக்கு நாலு, மொத்தம் எட்டு. மாதம் ஒருமுறை மாற்றும் ரகம் என்றால் ஆறு லென்ஸ் கொண்ட பெட்டி மொத்தம் நாலு போதும்.

நோய் வேறு, பவர் வேறு. கண் சிவப்பு, கண்புரை, கண் நீர் அழுத்தம், சர்க்கரை நோய்க்காக வருஷம் ஒருமுறை பார்க்கும் விழித்திரைப் பரிசோதனை, இவையெல்லாம் மருத்துவ இன்சூரன்ஸின் வேலை. நேரம் வாங்கும்போதே எதற்காக வருகிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் விஷன் கூப்பன் அதில் கரைந்துவிடும். திடீரென்று கண்ணுக்குள் மின்னல் வெட்டி, கரும்புள்ளிகள் மிதந்தால் பிளானையெல்லாம் பார்க்காமல் அன்றைக்கே போக வேண்டும், விழித்திரை பிரிவதாக இருக்கலாம்.

நெட்வொர்க்குக்கு, அதாவது பிளானோடு ஒப்பந்தம் உள்ள கடைகளுக்கு, வெளியே வாங்கிக் கிளைம் போடுவதானால் ஆளுக்கு ஒரு பில். பிளானில் உள்ள அதே பெயர், தேதி, பரிசோதனை எவ்வளவு, ஃபிரேம் எவ்வளவு, லென்ஸ் எவ்வளவு, எந்த ரகம், பணம் கட்டியாயிற்று என்ற குறிப்பு, எல்லாம் தனித்தனி வரியில் வேண்டும். 'கண்ணாடி 1' என்று மொத்தமாக எழுதின பில்தான் அதிகம் திரும்பி வருவது.

கண்ணாடி கைக்கு வந்ததும் கடையிலேயே பவர் அளக்கும் லென்ஸ்மீட்டரில் வைத்துச் சீட்டோடு ஒப்பிடச் சொல்லுங்கள். இரண்டு கண்மணிகளுக்கு இடையிலான பி.டி. அளவையும் எழுதி வாங்குங்கள். மைனஸ் 6 பவரில் லென்ஸ் மையம் 3 மி.மீ. தள்ளிப் போனால் 1.8 பிரிஸம் விழும், அதாவது பார்வை அந்த அளவு பக்கவாட்டில் இழுபடும், தலைவலிக்கு அது போதும். புரோகிரெசிவ் பழக இரண்டு வாரம் கொடுங்கள். அப்புறமும் சரிப்படவில்லை என்றால் மறுபடி செய்து தரும் கெடுவுக்குள் திருப்பிக் கொடுங்கள். அந்தக் கெடு ஆர்டர் செய்த நாளிலிருந்தா, கையில் வாங்கிய நாளிலிருந்தா என்பதைப் பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள்.