கரையில் இருக்கிற மஸ்கெலியா

கேள்வி: குளவி கொட்டினால், லயன் வீடுகள் எரிந்தால், மண் சரிந்தால் மட்டும்தான் எங்கள் தேயிலைத் தோட்ட ஊரின் பெயர் கொழும்புப் பத்திரிகைகளில் வருகிறது. மற்ற நாட்களில் நாங்கள் வாழவில்லையா? உங்கள் சஞ்சிகையும் இதில் சேர்த்திதானே?
– வாசகர் ஒருவர், மஸ்கெலியா

பதில்: சேர்த்திதான். பழைய மஸ்கெலியா நகரம் மவுசாகலை நீர்த்தேக்கத்துக்குள் போய் அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது. வரட்சியில் நீர் இறங்கி, பழைய கோயிலின் சுவர் வெளியே தெரிந்தால் உடனே கொழும்பிலிருந்து கமரா புறப்படுகிறது. நாங்களும் அந்தப் படத்தைப் பெரிதாகப் போட்டிருக்கிறோம். கரையில் இருக்கிற ஊருக்கு அவ்வளவு இடம் கொடுத்த ஞாபகம் எனக்கு இல்லை. உங்கள் கடிதத்தைப் படித்ததும் முதலில் உறைத்தது அதுதான்.

இது எப்படி நடக்கிறது என்றும் சொல்லிவிடுகிறேன். பிரதேச நிருபர்களில் பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது, பிரசுரமான செய்திக்குத்தான் பணம். ஒருவர் அரை நாள் அலைந்து, பாடசாலையில் கணித ஆசிரியர் இல்லாத கதையை எழுதி அனுப்புகிறார். கொழும்பு மேசையில் அது நான்கு வரியாகிறது, இல்லாவிட்டால் நாளைக்கு என்று ஒதுங்குகிறது. குளவிச் செய்தி அன்றைக்கே அச்சேறுகிறது. அப்புறம் அவர் எதை அனுப்புவார்? 2022இல் காகிதத் தட்டுப்பாடு வந்தபோது எங்கள் சஞ்சிகையில் முதலில் வெட்டியது ஊர்ப் பக்கத்தைத்தான். அந்த முடிவை எடுத்தவன் நான். மற்றப் பக்கங்கள் திரும்பி வந்தன, ஊர்ப் பக்கம் வரவில்லை.

2021இல் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபா என்று வர்த்தமானி வந்தபோது அது கொழும்பில் பெரிய தலைப்பு. அதன் பிறகு பல தோட்டங்களில் ஒரு நாளில் பறிக்க வேண்டிய கொழுந்துக் கிலோ கூட்டப்பட்டதும், அந்தக் கிலோ எட்டாதவருக்கு அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம், விழுந்ததும் எத்தனை நாள் செய்தியாக நின்றது? மாத முடிவில் ஒரு வீட்டில் அரிசி இருக்குமா என்பதை முடிவுசெய்வது செக்ரோல் என்கிற தோட்டத்துச் சம்பளப் பதிவேடு. அதை இங்கே உட்கார்ந்துகொண்டு யாரும் எழுத முடியாது.

1924இல் கொழும்பில் ‘தேசபக்தன்’ தொடங்கிய கோ. நடேசய்யர், வெளியாட்களை உள்ளே விடாத தோட்டங்களுக்குள் புடைவை வியாபாரி வேஷத்தில் நுழைந்து லயத்து நிலைமையை அறிந்தவர். எங்களுக்கு ஹற்றனுக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ், அவ்வளவுதான். வேஷம் ஒன்றும் தேவையில்லை. போகாதது எங்கள் பிழை.

உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும், கோபிக்க வேண்டாம். உங்கள் பக்கத்திலிருந்து எங்களுக்கு வருகிறவற்றில் பெரும்பகுதி பொன்னாடை போர்த்தும் படங்களும் கட்டடத் திறப்பு விழாக்களும்தான். திறந்த கட்டடத்துக்குள் ஆறு மாதம் கழித்து என்ன நடக்கிறது என்று ஏன் ஒருவரும் எழுதுவதில்லை? சிவனொளிபாதமலை யாத்திரைப் பருவம் டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி வெசாக் வரை நீள்கிறது. வாகனங்கள் ஊரை நிரப்பும் அந்த மாதங்களில் மரக்கறி விலை என்ன ஆகிறது, டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு நோயாளியைக் கொண்டுபோகிற ஆட்டோ எங்கே மாட்டி நிற்கிறது, பருவம் முடிந்ததும் கடைகளில் நின்ற பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? மலையகத்துப் பிள்ளைகள் பலரைப் புறக்கோட்டைக் கடைகளில் சந்தித்திருக்கிறேன். பத்திரிகை கையில் கிடைத்தால் அவர்கள் முதலில் தேடுவது ஊர்ப் பெயரைத்தான்.

அடுத்த இதழிலிருந்து ஊர்ப் பக்கம் மீண்டும் வருகிறது. முதலில் மஸ்கெலியா. இந்த மாதம் உங்கள் தோட்டத்தில் ஒரு பேருக்கு எத்தனை கிலோ, கடைசி பஸ் எத்தனை மணிக்கு, அது வராத நாளில் எப்படி வீடு போகிறீர்கள் என்று எழுதுங்கள். படம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அச்சானால் பணம் அனுப்புவோம். அச்சாகாவிட்டால் ஏன் என்று நானே உங்களுக்குக் கடிதம் எழுதுவேன்.