வீட்டுக் கடனில் தவணைக்கு மேல் கட்டலாமா?

கேள்வி: 30 லட்சம் ரூபாய் வீட்டுக் கடன், 8.5 சதவீத மாறும் வட்டி, 20 ஆண்டுத் தவணை. இரண்டு ஆண்டுகள் கட்டி முடித்திருக்கிறேன். இப்போது கையில் ஒரு லட்சம் இருக்கிறது. அதைக் கடனில் கட்டலாமா, மியூச்சுவல் ஃபண்டில் போடலாமா? கடனை முன்பே அடைத்தால் வரிச் சலுகை போய்விடும் என்று என் மைத்துனர் தடுக்கிறார்.

பதில்:

கட்டுங்கள். வேலை போனாலும் ஆறு மாதம் குடும்பம் ஓடுவதற்கான பணம் தனியாக இருக்க வேண்டும், கிரெடிட் கார்டு, தனிநபர் கடன் போன்ற அதிக வட்டிச் சுமை எதுவும் இருக்கக் கூடாது. இந்த இரண்டும் சரியாக இருந்தால் தயங்க வேண்டியதில்லை.

உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். மாதத் தவணை 26,035 ரூபாய் வரும். முதல் மாதத் தவணையில் 21,250 ரூபாய் வட்டிக்கே போயிருக்கும். அசலில் கழிந்தது 4,785 ரூபாய். இரண்டு ஆண்டுகளில் 6 லட்சத்து 25 ஆயிரம் ரூபாய் கட்டியிருக்கிறீர்கள். ஆனாலும் பாக்கி இன்னும் ஏறக்குறைய 28 லட்சத்து 75 ஆயிரம். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் கட்டியதெல்லாம் எங்கே போனது என்று கேட்கத் தோன்றும். போன இடம் வட்டிதான்.

இந்த நிலையில் ஒரு லட்சத்தை அசலில் கட்டி, தவணைத் தொகையை மாற்றாமல் விட்டால், கடைசியில் 16, 17 தவணைகள் காணாமல் போகும். அது சுமார் 4 லட்சத்து 35 ஆயிரம் ரூபாய். கட்டிய ஒரு லட்சம் போக மூன்று லட்சத்துக்கு மேல் மிச்சம். அதே ஒரு லட்சத்தை 15 ஆண்டுகள் கழித்துக் கட்டினால் ஆறு தவணைகூட முழுதாகக் குறையாது.

இங்கே கொஞ்சம் நிதானம் தேவை. யூடியூபில் இதைப் பெரிய எழுத்தில் போட்டு ‘மூன்று லட்சம் லாபம்’ என்று கூவுகிறார்கள். அந்த மூன்று லட்சம் 16, 17 ஆண்டுகளுக்கு அப்பால் மிச்சமாகும் பணம். அன்று அதன் மதிப்பு இன்றைய மதிப்பாக இருக்காது. உண்மையில் நடப்பது எளிமையானது: நீங்கள் கட்டும் ஒவ்வொரு ரூபாயும் ஆண்டுக்கு 8.5 சதவீதம் சம்பாதிக்கிறது. உறுதியான வருமானம், அதற்கு வரியும் கிடையாது. முதல் ஆண்டில் கட்டினாலும் பதினைந்தாம் ஆண்டில் கட்டினாலும் விகிதம் அதேதான். முன்னதாகக் கட்டினால் அதிக ஆண்டுகள் சம்பாதிக்கிறது, அவ்வளவே. ஆகவே ‘எத்தனை லட்சம் மிச்சம்’ என்று பார்க்காதீர்கள். ‘வேறு எங்கே இந்த 8.5 சதவீதம் கிடைக்கும்’ என்று பாருங்கள்.

வங்கி வைப்புநிதியில் கிடைக்காது. 7 சதவீதம் கொடுத்தாலும், 30 சதவீத வரி வரம்பில் இருப்பவருக்குக் கையில் மிஞ்சுவது 5 சதவீதத்துக்கும் கீழே. பிபிஎஃப் எனும் பொது வருங்கால வைப்புநிதியின் வட்டி வரியில்லாதது, ஆனால் 7.1 சதவீதம்தான். பங்குச் சந்தை சார்ந்த ஃபண்டுகள் நீண்ட காலத்தில் இதைத் தாண்டலாம், தாண்டாமலும் போகலாம். 2020 ஜனவரியில் 42,000 புள்ளிகளைத் தொட்ட சென்செக்ஸ், மார்ச் மாதக் கடைசியில் 26,000-க்குக் கீழே இறங்கியது. அந்த இரண்டு மாதமும் விற்காமல் உட்கார்ந்திருக்க உங்களால் முடியும் என்றால் பாதியை ஃபண்டில் போடுங்கள், நான் தடுக்கமாட்டேன். என் வீட்டில் எஸ்ஐபியும் (மாதாமாதம் ஃபண்டில் போடும் முதலீடு) ஓடுகிறது, கடனிலும் கூடுதலாகக் கட்டுகிறோம். எஸ்ஐபி குழந்தையின் படிப்புக்கு. ஒன்றை நிறுத்தித்தான் மற்றொன்றைச் செய்ய வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

மைத்துனரிடம் ஒன்று கேளுங்கள்: நீங்கள் எந்த வரிமுறையில் இருக்கிறீர்கள் என்று அவருக்குத் தெரியுமா? புதிய வரிமுறையில், சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்குக் கழிவே கிடையாது. போவதற்கு ஒன்றும் இல்லை. பழைய முறையில் ஆண்டுக்கு 2 லட்சம் வரை கழிவு உண்டு. இந்த ஆண்டு நீங்கள் கட்டப்போகும் வட்டி சுமார் 2 லட்சத்து 40 ஆயிரம். வரம்புக்கு மேலுள்ள 40 ஆயிரத்துக்கு இப்போதே சலுகை இல்லை. ஒரு லட்சம் கட்டினால் வட்டியில் சுமார் 8,500 குறையும். அப்போதும் 2 லட்சத்துக்கு மேல்தான் இருப்பீர்கள். ஒரு பைசா சலுகையும் போகாது. வரம்புக்குக் கீழே போனாலும் என்ன? அதிக வரி வரம்பில் இருப்பவருக்கே ஒரு ரூபாய் வட்டிக்கு 31 காசுதான் வரியில் மிச்சம். மீதி 69 காசு வங்கிக்குத்தானே?

இனி நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது. கூடுதலாகக் கட்டுவது பெரிய விஷயம் அல்ல. கட்டிய பணத்தை வங்கி எங்கே வரவு வைக்கிறது என்று பார்ப்பதுதான் விஷயம்.

நாங்கள் 2021 தொடக்கத்தில் திருச்சியில் வீடு வாங்கியபோது ரெப்போ விகிதம், அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி, 4 சதவீதம். எங்கள் வட்டி 6.9. 30 லட்சத்துக்குத் தவணை 23,079 ரூபாய். 2022 மே மாதம் ரிசர்வ் வங்கி விகிதத்தை உயர்த்தத் தொடங்கியது; 2023 பிப்ரவரியில் 6.5-க்கு வந்து நின்றது. எங்கள் வட்டி 9.4 ஆனது. மாதாமாதம் பிடித்த தொகை மட்டும் அதே 23,079. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி, தவணை ஏறவில்லையே என்று. கணக்கு அறிக்கையை எடுத்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. தவணையில் அசலுக்குப் போனது ஆயிரம் ரூபாய்கூட இல்லை. மீதித் தவணைகள் இருநூற்றுச் சொச்சம் இருக்க வேண்டிய இடத்தில் 400-ஐத் தாண்டியிருந்தது. வங்கி தவணைத் தொகையைத் தொடாமல் காலத்தை நீட்டிவிட்டிருந்தது. ஓய்வு பெற்ற பிறகும் கட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

கிளைக்குப் போய்த் தவணையை 27,400-க்கு உயர்த்தச் சொல்லி எழுதிக் கொடுத்தோம். பழைய 20 ஆண்டுக் கணக்குக்குத் திரும்ப அவ்வளவு தேவைப்பட்டது. தீபாவளி போனஸையும் கடன் கணக்கிலேயே கட்டினோம். அப்போது கடன் பிரிவு அதிகாரி கேட்டார்: “தவணையைக் குறைத்துவிடட்டுமா சார்? மாதச் செலவுக்கு வசதியாக இருக்குமே.” நல்ல எண்ணத்தில்தான் கேட்டார். என் மனைவி உடனே, “வேண்டாம் சார், காலத்தைக் குறையுங்கள்” என்றாள். அதை வாய்மொழியாக விடாமல் கடிதமாகக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொண்டோம். சில இடங்களில் கூடுதல் தொகையை அடுத்த மாதத் தவணைக்கான முன்பணமாக ஒதுக்கி வைத்துவிடுவார்கள். அசல் அப்படியே நிற்கும். பணம் கட்டிய மறுவாரம் அறிக்கையை எடுத்து, அசல் பாக்கி அதே அளவு இறங்கியிருக்கிறதா, மீதித் தவணைகளின் எண்ணிக்கை குறைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

தவணையைக் குறைப்பது எப்போதும் தவறு என்று சொல்லமாட்டேன். வேலை நிலையில்லாதவர்கள் கட்டாயத் தவணையைக் குறைத்துக்கொண்டு, பழைய தொகையையே தாங்களாகக் கட்டிவரலாம். வட்டிக் கணக்கில் வித்தியாசம் வராது. கஷ்ட காலத்தில் மூச்சுவிட இடம் கிடைக்கும். ஆனால் அப்படித் தவறாமல் கட்டுபவர்கள் எத்தனை பேர் என்பது வேறு கதை.

2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி இதற்கு ஒரு விதி கொண்டுவந்தது. வட்டி மாறும்போது தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கலந்து செய்வதா என்ற தேர்வைக் கடன் வாங்கியவருக்குத் தர வேண்டும். அதுவரை கட்டிய அசல், வட்டி, மீதமுள்ள தவணைகள் ஆகிய விவரங்களைக் காலாண்டுதோறும் தர வேண்டும். உங்களுக்கு வரும் அந்த அறிக்கையைத் திறந்து பாருங்கள். அபராதக் கட்டணம் பற்றிய பயமும் வேண்டாம். மாறும் வட்டியில் உள்ள வீட்டுக் கடனைத் தனிநபர் முன்பே அடைத்தால் வங்கிகள் கட்டணம் வாங்கக் கூடாது என்று 2012-லேயே சொல்லியாகிவிட்டது. நிலையான வட்டிக் கடன் என்றால் மட்டும் ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுக் கட்டுங்கள்.

கட்டும் நேரத்தைப் பொறுத்தவரை, ஆண்டு முடிவு வரை சேர்த்துவைக்க வேண்டாம். பெரும்பாலான வங்கிகளில் வட்டி அன்றன்றைய பாக்கிக்குத்தான் கணக்காகிறது. கிடைத்த அன்றே கட்டுங்கள். ஆண்டுக்கு ஒரு தவணை கூடுதலாகக் கட்டினாலே உங்கள் 240 மாதக் கடன் சுமார் 200 மாதத்தில் முடிந்துவிடும். ஆனால் கட்டிய பணம் சுவருக்குள் போன பணம்; மருத்துவமனையில் முன்பணம் கேட்கும்போது திரும்பி வராது. அதற்குத்தான் ஆறு மாதச் செலவை முதலில் சொன்னேன். நகையை அடகு வைத்து வீட்டுக் கடனைக் குறைத்தவரையும் பார்த்திருக்கிறேன். அதில் கடன் கொடுத்தவர் பெயர் மாறியதே தவிர, வட்டி குறையவில்லை. பணத்தைப் போட்டு எடுக்கும் வசதி வேண்டும் என்றால் ஸ்டேட் வங்கியின் மேக்ஸ்கெயின் போன்ற ஓவர் டிராஃப்ட் வகைக் கடன் இருக்கிறது. உபரிப் பணம் கணக்கில் கிடக்கும் வரை அதற்குரிய வட்டி ஏறாது.

கடன் முழுதாக முடியும் நாளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், பலர் அங்கேதான் அசட்டையாக இருந்துவிடுகிறார்கள். என் அக்கா வீட்டுக் கடனை முன்பே அடைத்தபோது நானும் கூடப் போயிருந்தேன். கடன் வாங்கிய அன்று வங்கி கொடுத்த ஆவணப் பட்டியலை அக்கா பத்திரமாக வைத்திருந்தாள். கட்டைப் பிரித்து, கிரயப் பத்திரம், மூலப் பத்திரம், பட்டா என்று ஒவ்வொன்றாகப் பட்டியலோடு ஒத்துப் பார்த்தாள். ஒரு மூலப் பத்திரம் குறைந்தது. வங்கி ஊழியர் வேறொரு உறையில் இருந்து அதைத் தேடி எடுத்துக் கொடுத்த பிறகுதான் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று அக்கா கையெழுத்துப் போட்டாள். முழுதாக அடைத்த 30 நாளுக்குள் அசல் ஆவணங்களைத் திருப்பித் தர வேண்டும், வங்கியின் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது 2023 டிசம்பர் முதல் நடைமுறையில் உள்ள விதி.

பத்திரம் கைக்கு வந்தால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். கடன் வாங்கியபோது சார்பதிவாளர் அலுவலகத்தில் எம்ஓடி, அதாவது பத்திரங்களை வங்கியிடம் ஈடாக ஒப்படைத்ததற்கான ஆவணம், பதிவு செய்திருப்பீர்கள். அது வில்லங்கச் சான்றில் அப்படியே நிற்கும். கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணத்தை வங்கி அதிகாரியோடு போய்ப் பதிவு செய்து அதை நீக்க வேண்டும். பிறகு ஒரு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். இரண்டு மாதம் கழித்து, உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையிலும் கணக்கு முடிந்ததாகக் காட்டுகிறதா என்று சரிபாருங்கள். காட்டவில்லை என்றால், வங்கி தந்த நிலுவையில்லாச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு சிபில் தளத்திலேயே புகார் பதியலாம்.