பாக்கியம் யாருக்கு?

கேள்வி: சிறுவயதில் மதுரை ரயில்வே யார்டுச் சுவர் மேல் உட்கார்ந்து, கரி எஞ்சின் பெட்டிகளை இழுத்துத் தள்ளிக் கோக்கும் ஷண்டிங் பார்த்தவன் நான். அந்தப் பாக்கியம் என் பேரன்களுக்கு இல்லையே! (வாசகர், உசிலம்பட்டி)

பதில்: பாக்கியம் சுவர் மேல் இருந்த உங்களுக்கு. எஞ்சினுக்குள் நின்ற ஃபயர்மேனைக் கேட்டீர்களா? வெளியே சித்திரை வெயில், முகத்துக்கு நேரே உலை. கரியை வாரி வாரிப் போட்டுக்கொண்டே பாய்லரில் தண்ணீர் மட்டம் இறங்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். வண்டி கிளம்பப் பல மணி நேரம் முன்பே நெருப்பு மூட்டினால்தான் நீராவி ஏறும். திரும்பி வந்ததும் சாம்பலைக் கொட்ட வேண்டும். அதில் அரைகுறையாக வெந்த கரியைப் பொறுக்க, கூடையோடு சிலர் காத்திருப்பார்கள். நானும் அந்தப் பக்கம் திரிந்த பயல்தான், பார்த்திருக்கிறேன். மலரும் நினைவுகள் எழுதும் யாரும் அவர்களை எழுதுவதில்லை.

ஜன்னலோர சீட்டின் பாக்கியத்தையும் கேளுங்கள். போடி பாசஞ்சரில் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையோடு பெண் பார்க்கப் போன ஒருவரைப் பற்றி எங்கள் தெருவில் கதை சொல்வார்கள். ஆண்டிபட்டிக் கணவாயில் எஞ்சின் முக்கி முனகி ஏறும்போது தலையை வெளியே நீட்டியிருக்கிறார். தேனியில் இறங்கியபோது சட்டை கறுப்பு, முகம் கறுப்பு. கரித்தூள் விழுந்து ஒரு கண் தானாகச் சிமிட்டிக்கொண்டே இருந்தது. வந்ததும் வராததுமாகக் கண்ணடிக்கிறாரே என்று பெண் உள்ளே ஓடிவிட்டாள். பெண்ணின் அப்பா மட்டும் பதறாமல், "தம்பி, எஞ்சினை யாரு பாத்துக்கிறா?" என்றாராம். கல்யாணம் நடந்தது. ரயில்வே உத்தியோகம் என்று நினைத்துக் கொடுத்துவிட்டார்கள்.

போடி என்றதும் என் பழைய வயிற்றெரிச்சல் கிளம்புகிறது. மதுரையிலிருந்து உங்கள் உசிலம்பட்டி, தேனி வழியாகப் போடிக்கு 1928-ல் வந்த பாதை. உலகப் போரின்போது தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள், 1950-களில் திரும்பப் போட்டார்கள். அகலப் பாதையாக்குகிறோம் என்று 2010 கடைசியில் வண்டியை நிறுத்தினார்கள். மொத்தமே சுமார் 90 கிலோமீட்டர். தேனிக்கு ரயில் வந்தது 2022 மே மாதம், போடிக்கு 2023 ஜூன். உங்கள் ஊர்ப் பிள்ளைகள் கரி எஞ்சின் என்ன, எந்த எஞ்சினையும் வீட்டுப் பக்கம் பார்க்காமலே பள்ளிக்கூடம் போனார்கள். புலம்ப வேண்டிய காலம் அது. அப்போது உங்களிடமிருந்து ஒரு போஸ்ட் கார்டு வரவில்லை. "பஸ் இருக்கும்போது ரயில் எதற்கு?" என்று எழுதிய தேனி வாசகரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அவர் இப்போது சென்னைக்கு எதில் போகிறார் என்று விசாரித்துச் சொன்னால் நல்லது.

சரி, பேரன்களுக்குக் காட்டியே தீர வேண்டும் என்றால் மேட்டுப்பாளையம் போங்கள். குன்னூர் வரை மலை ஏற்றுவது இன்றும் நீராவி எஞ்சின்தான். ஆனால் அது இழுக்காது, பின்னாலிருந்து தள்ளும். முதல் பெட்டியில் ஏறிவிட்டு, எஞ்சின் கண்ணில் படவில்லை என்று எனக்கு எழுதாதீர்கள்.