டி.எம்.டி கம்பியில் அடித்த உளி ஏன் கெட்டிப்படவில்லை?

குறை உங்கள் உலையில் இல்லை, கம்பியில்தான். வீடு கட்டி மிஞ்சிய டி.எம்.டி கம்பியை உளியாக அடித்து, சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தும் முனை மழுங்குகிறது என்கிறீர்கள். எஃப்.இ 500 (Fe 500) ரகக் கம்பியில் கரிச்சத்து, அதாவது கார்பன், அதிகபட்சம் 0.30 சதவீதம். உளிக்கு வேண்டிய கடினம் அதில் ஏறாது. எத்தனை தடவை தோய்த்தாலும் இதேதான்.

காயலான் கடையில் பழைய லாரி ஸ்பிரிங் பட்டை கேளுங்கள். அதில் கரிச்சத்து 0.5 சதவீதத்துக்கு மேல் இருக்கும். நம் ஊர்ப் பட்டறைகளில் அரிவாள் அடிக்கவும் அதைத்தான் தேடி வாங்குவார்கள்.

வாங்குமுன் கிரைண்டரில் லேசாக வைத்துப் பாருங்கள். உங்கள் கம்பியின் பொறி நீளக் கோடாக ஓடும். பட்டையின் பொறி நுனியில் கிளைத்துப் பூவாகச் சிதறும்.

அப்புறம் தோய்ச்சல். காந்தம் ஒட்டாமல் போகும் சூட்டுக்குச் சற்று மேலே காய்ச்சி, எண்ணெயில் முனையை மட்டும் தோயுங்கள். தண்ணீரில் விரிசல் விடலாம். அரம் வழுக்கினால் கெட்டிப்பட்டுவிட்டது.

உடனே சம்மட்டியால் அடித்துவிடாதீர்கள், சில்லு கண்ணுக்குத் தெறிக்கும். அந்த நொறுங்கும் தன்மை குறைய, முனையைப் பளிச்சென்று தேய்த்து, ஊதா நிறம் ஓடும்வரை மெதுவாகச் சூடேற்றுங்கள். எண்ணெய் தீப்பிடித்தால் மூட இரும்பு மூடி கட்டாயம் பக்கத்தில் இருக்கட்டும்; தண்ணீர் ஊற்றவே கூடாது.