பெரிய சாட்சி இல்லாதவங்களோட பாட்டு – வாசகர் கடிதமும் பதிலும்

ஸ்தோத்திரம் அண்ணா,

ஸ்பாஃபோர்ட் பத்தி நீங்க எழுதினத படிச்சேன். 1873ல கப்பல் மூழ்கி நாலு பொண்ணுங்களையும் பறிகொடுத்த மனுஷன், என் ஆத்துமாவுக்கு நலமேன்னு பாட்டு எழுதியிருக்கார். அழுதுட்டேன். ஆனா அப்புறம் ஒரு மாதிரி ஆயிடுச்சு, ஏன்னா கர்த்தர் எனக்கு இப்படிச் செஞ்சார்னு எல்லார் முன்னாடியும் சொல்ல எனக்கு அப்படி ஒரு சாட்சியும் கிடையாது. எழுந்திரிக்கிறேன், சமைக்கிறேன், பசங்கள ஸ்கூலுக்கு அனுப்பிட்டு வேலைக்கு ஓடுறேன், ராத்திரி ஜெபம் பண்ணும்போதே தூங்கிடறேன். சர்ச்ல 'கிரேட் இஸ் தை ஃபெய்த்ஃபுல்னெஸ்' (உமது உண்மை பெரிது) பாட்டு பாடும்போது பக்கத்துல எல்லாரும் உருகுறாங்க, எனக்கு ஒண்ணும் தோணல. தோணாம பாடறது பொய்தானே? சில வாரம் வாய மூடிட்டு நின்னுடறேன். ஆறு வயசு பொண்ணுக்கு இந்தப் பாட்ட சொல்லிக்குடுக்க ஆசை, எனக்கே ஒட்டாதத எப்படி சொல்லிக்குடுக்க?

– ஒரு வாசகி

அன்பு தங்கச்சி,

ஸ்தோத்திரம். உங்க லெட்டர மூணு தடவ படிச்சேன். நீங்க ஒட்டலன்னு சொல்ற அந்தப் பாட்டே உங்கள மாதிரி ஆளுக்காக எழுதினதுன்னு நான் நம்பறேன், அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

இந்தப் பாட்டுக்குப் பின்னாடி கப்பல் எதுவும் மூழ்கல. எழுதின தாமஸ் சிஷோம் 1866ல அமெரிக்காவுல கென்டக்கில பொறந்தவர், ஸ்கூல்ல பாடம் எடுத்தார், பத்திரிகைல வேலை பார்த்தார், மெதடிஸ்ட் போதகரா ஆனார், ஆனா உடம்பு ஒத்துழைக்காம ஊழியத்த சீக்கிரமே விடவேண்டியதாப் போச்சு, அப்புறம் பொழப்புக்கு இன்சூரன்ஸ் ஏஜெண்ட் வேலை. வருமானம் எப்பவும் பெருசா இருந்ததில்ல. இதுக்கு நடுவுல கவிதை எழுதிக்கிட்டே இருந்தார், ஆயிரத்துக்கு மேல. 1923ல அதுல சிலத வில்லியம் ரன்யன்ங்கற இசைக்காரருக்கு அனுப்ப, அவர் இதுக்கு மெட்டு போட்டார். சிஷோமுக்கு அப்போ அம்பத்தாறு அம்பத்தேழு வயசு. இன்ன நாள்ல இன்ன சோகம், அதனால எழுதினார்னு சொல்ல ஒரு சம்பவமும் இல்ல. அம்பது அறுபது வருஷம் காலைல எழுந்திரிச்ச ஒருத்தர், திரும்பிப் பார்த்து எழுதினது, அவ்வளவுதான். எனக்கு இது ஸ்பாஃபோர்ட் கதைக்குக் கொஞ்சமும் குறைஞ்சதா தெரியல.

இப்போ அந்த 'பொய்யா' கேள்விக்கு வர்றேன், உங்க லெட்டர்ல என்ன ரொம்ப தொட்டது அதுதான். பாட்டோட பல்லவி எங்கேர்ந்து வந்ததுன்னு தெரியும்ல, பைபிள்ல புலம்பல் புஸ்தகம் மூணாம் அதிகாரம், "அவைகள் காலைதோறும் புதியவைகள், உமது உண்மை பெரிதாயிருக்கிறது." இத நாம காலண்டர்ல பூ படத்தோட பார்த்துப் பார்த்து, ஏதோ சந்தோஷமா இருந்த ஒருத்தர் சொன்னதுன்னு நினைச்சுக்கிட்டோம். கி.மு. 586 வாக்குல எருசலேம் எரிஞ்சு போனதுக்கு அழற புஸ்தகம் அது! அதே ஆள் அஞ்சு வசனம் முன்னாடி, 18ல, என்ன சொல்றார்னு பாருங்க: "என் பெலனும் நான் கர்த்தருக்குக் காத்திருந்த நம்பிக்கையும் அழிந்துபோயிற்று என்றேன்." நம்பிக்கையே போச்சுன்னு வாயால சொன்னவர்தான் உமது உண்மை பெரிதுன்னும் சொல்றார். நடுவுல சூழ்நிலை ஒண்ணும் மாறல, நகரம் அப்படியே சாம்பலாத்தான் கிடக்கு. 21ஆம் வசனத்துல "இதை என் மனதிலே வைத்து, நம்பிக்கை கொண்டிருப்பேன்"ங்கறார், அதாவது மொதல்ல வார்த்தைய எடுத்து மனசுல வெச்சார், நம்பிக்கை அதுக்குப் பின்னாடி வந்தது. தோணினதுக்கு அப்புறம் பாடல தங்கச்சி, பாடித்தான் அங்க போய்ச் சேர்ந்தார்.

இன்னொண்ணு, அந்த அதிகாரம் எபிரேயத்துல அகரவரிசைக் கவிதை, 22 எழுத்து, எழுத்துக்கு மூணு வசனம், மொத்தம் 66. அழுகையக் கூட எழுத்து வரிசைல கட்டியிருக்கார். மனசு சிதறிக் கிடக்கும்போது பிடிச்சுக்க ஒரு ஒழுங்கு வேணும்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு. ஒரு பழைய பாட்டோட சரணமும் மெட்டும் நமக்கு அந்த வேலையத்தான் செய்யுது.

அந்த 'உண்மை'ங்கற வார்த்தையும் சும்மா இல்ல. எபிரேயத்துல எமூனா. யாத்திராகமம் 17ல யுத்தம் நடக்கறப்போ மோசே தூக்கிப் பிடிச்ச கை சூரியன் அஸ்தமிக்கிற வரைக்கும் நிலையா இருந்ததுன்னு வருதே, அந்த 'நிலை'க்கும் இதே வார்த்தைதான். ஆனா மோசே தனியா தூக்கிட்டு நிக்கல, கை ஓஞ்சுபோய் ஆரோனும் ஊர்ங்கறவரும் ஆளுக்கு ஒரு பக்கம் தாங்கினாங்க. ஞாயித்துக்கிழமை உங்க பக்கத்துல நின்னு பாடறவங்க உங்களுக்கு அதத்தான் செய்யறாங்க, வாய் வராத வாரம் அவங்க சத்தத்துல சாஞ்சுக்கோங்க, அது மாய்மாலம் ஆகாது.

அன்றாடத்துக்கு இந்தப் பாட்டு எப்படி உதவும்னா, நான் செய்யறது ஒண்ணே ஒண்ணு. பல்லவில ஒரு வரி வருது, எனக்குத் தேவையா இருந்ததெல்லாம் உம்முடைய கை குடுத்துச்சுங்கற அர்த்தத்துல. ஆசைப்பட்டதெல்லாம்னு இல்ல, தேவையா இருந்தது. அதுவும் நடந்து முடிஞ்சதா சொல்றது, அதனால காலைலய விட ராத்திரிதான் அது சுலபமா புரியும். எங்கப்பா படுக்கைல கிடந்த மாசங்கள்ல எனக்கு நீளமா ஜெபிக்க வராது, விளக்க அணைக்கும்போது அந்த ஒரு வரிய மட்டும் முணுமுணுப்பேன், அன்னைக்கு அப்பா ரெண்டு வாய் கஞ்சி குடிச்சது, யாரோ ஃபோன் பண்ணி விசாரிச்சதுன்னு ஏதாவது ஒண்ணு ஞாபகம் வரும், சில நாள் ஒண்ணுமே வராது, அப்பவும் பாடினேன். வனாந்தரத்துல இஸ்ரவேலருக்குச் சாப்பாடா வந்த மன்னாவும் ஒரு நாளைக்குத்தான் கிடைச்சது, சேத்து வெச்சது புழுத்துப்போச்சு. சிஷோமும் மூணாம் சரணத்துல இன்னைக்குப் பெலன்னுதான் எழுதறார், நாளைக்கு நம்பிக்கைதான். பத்து வருஷத்துக்கான பெலன யாரும் உங்களுக்கு வாக்கு குடுக்கல, கேக்கவும் வேண்டாம். ஜெபம் பண்ணும்போதே தூங்கிடறதா எழுதியிருந்தீங்க, அந்த வரிய பாடிட்டே தூங்குங்க, தப்பே இல்ல.

பொண்ணுக்கு ரெண்டாம் சரணத்துலேர்ந்து ஆரம்பிங்க. கோடை, குளிர், வசந்தம், அறுப்பு, மேல சூரியன் சந்திரன் நட்சத்திரம், எல்லாம் அங்கதான் வருது, ஆறு வயசுக்கு ஜன்னல்லயே காட்டலாம். அந்த சரணத்துல சாட்சி சொல்றதே அதுங்கதான், அதது நேரத்துக்கு வந்து அதே வேலைய செஞ்சுட்டுப் போற சூரியனும் சந்திரனும். எனக்கு சாட்சி இல்லன்னு எழுதினீங்களே, அவளுக்குச் சொல்லிக்குடுக்கும்போது அந்த இடத்த நீங்களும் கொஞ்சம் மெதுவா பாடிப் பாருங்க. மூணாம் சரணம், பாவமன்னிப்பு பத்தினது, அவளே கேக்கும்போது சொன்னா போதும். பல்லவி நல்லா மேல ஏறும், அவளுக்கு எட்டலன்னா சுருதிய இறக்கிக்கோங்க.

அன்புடன்,
அண்ணன்