ஐஸ் ஹாக்கியில் 'ப்ராஸ்பெக்ட்' என்பவர் யார்? ரசிகர்களின் தரவரிசைகள் ஏன் ஒத்துப்போவதில்லை?

வட அமெரிக்காவின் தொழில்முறை ஐஸ் ஹாக்கி லீகான என்எச்எல்லின் அணி ஒன்று உரிமை பெற்றிருந்தும், அதன் முதன்மை அணியில் இன்னும் நிலையான இடம் பிடிக்காத இளம் வீரரே ப்ராஸ்பெக்ட். ஆண்டுதோறும் நடக்கும் டிராஃப்டில் 32 அணிகள், 7 சுற்றுகளில், பெரும்பாலும் 18 வயதுப் பையன்களைத் தேர்ந்தெடுக்கின்றன.

அந்த வயதில் உடல் முழுதாக வளர்ந்திருக்காது. ஒருவர் கனடாவின் ஜூனியர் லீகில் சம வயதினரோடு கோல்களைக் குவிப்பார். இன்னொருவர் ஸ்வீடனில் வளர்ந்த ஆண்களோடு மோதிச் சில கோல்களே அடிப்பார். இந்த இருவரை எந்தத் தராசில் நிறுப்பது? ஒரு ரசிகர் இன்றைய ஆட்டத்தைப் பார்க்கிறார், மற்றவர் ஐந்தாண்டு கழித்து எட்டக்கூடிய உயரத்தைப் பார்க்கிறார். சண்டை அங்கேதான் தொடங்குகிறது. கோல் காப்பாளர்கள் இன்னும் தாமதமாக முதிர்வதால் அவர்களைக் கணிப்பதே ஆகக் கடினம்.

மாங்கன்றின் இலையைப் பார்த்துப் பழத்தின் ருசியைச் சொல்வது போன்றது இது. பாவெல் தட்சியூக்கை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது: 1998இல் 171ஆவது தேர்வு, பிறகு டெட்ராய்ட் அணியோடு, என்எச்எல் சாம்பியனுக்குத் தரப்படும் ஸ்டான்லி கோப்பை இரண்டு முறை. 2012இன் முதல் தேர்வான நைல் யாகுபோவோ 2018லேயே என்எச்எல்லை விட்டுப் போனார்.

டிராஃப்டில் தேர்வானாலே அணியில் இடம் உறுதி என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அந்த வீரரோடு ஒப்பந்தம் பேசும் உரிமை மட்டுமே அணிக்குக் கிடைக்கிறது, பெரும்பாலோர் மறுபடி ஜூனியர் அல்லது கல்லூரி ஆட்டத்துக்கே திரும்புகிறார்கள்.